எலி மெச்னிகோவ்: பூஞ்சையை விழுங்கும் அணுக்களைக் கண்டவர்

இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் 1845-இல் பிறந்த எலி மெச்னிகோவ் மருத்துவர் அல்லர், விலங்கியலாளர். நீர்த்தெள்ளு என்னும், உடல் ஊடுருவித் தெரியும் சிற்றுயிரைப் பற்றி 1884-இல் அவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அது விழுங்கிய ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகள் குடற்சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்தன. இரத்த அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கிச் சிதைத்தன. தப்பிய வித்துகள் முளைத்துப் பெருகிய இடத்தில் நீர்த்தெள்ளு மடிந்தது.

1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்ற அவர், 1916-இல் பாரிஸில் காலமானார்.

பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைப் பொருளைக் கொண்டே வெள்ளையணுக்கள் அதனை இனங்காண்கின்றன என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. புற்றுநோய் மருந்துகளால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் காய்ச்சல் கண்டால், காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுகுக.