கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள்: ஜோடி சேராமலே உச்சம் தொட்டவர்

தைப்பூசம் நெருங்கினால் பகாவ் வட்டாரத் தோட்டக் கோயில்களின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்காமல் இருக்காது. பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிவிட்ட முருகனை ஔவைப் பாட்டி சமாதானம் செய்யும் பாட்டு அது. பால்மரம் வெட்டிய காலத்துப் பெரியவர்களுக்கும் அது மனப்பாடம், செம்பனைக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அது பழக்கம். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவர் எப்படி வாழ்ந்தார் என்பது இளையோர் பலருக்குத் தெரியாது.

அவர் கே.பி.சுந்தராம்பாள். கே. என்பது கொடுமுடி. பி. என்பது பாலாம்பாள், அவரைப் பெற்ற தாய். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நாட்டில் அவர் ஆயுள் முழுக்கத் தாயின் பெயரையே சுமந்தார்.

1908 அக்டோபரில், ஈரோட்டை அடுத்த காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பிறந்தார். தந்தை சிறு வயதிலேயே இல்லாமல் போக, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாயார் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தப் பக்கம் ஓடிய ரயில்களில் ஏறிப் பாடி, பயணிகள் கொடுத்த காசைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தவர் சிறுமி சுந்தராம்பாள். அப்படிப் பாடியபோதுதான் ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேச ஐயர் காதில் அந்தக் குரல் விழுந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அங்கிருந்து வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குப் போனார். முதலில் கிடைத்தவை சிறு பிள்ளை வேடங்கள். பசியால் அழும் குழந்தையாக மேடையில் நிற்பதற்கு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கால நாடக மேடையைப் பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் புரிய வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையேறுவார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளியும் எதிரே நிற்பவரும் பாட்டாலேயே வாதம் செய்ய வேண்டும். ஒருவர் சுருதியை ஏற்றினால் மற்றவரும் ஏற வேண்டும், முடியாதவர் தோற்றார். கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புரியும்.

அந்த மேடையில் அப்போது தனி ராஜாவாக இருந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. சுந்தராம்பாளைவிட இரண்டு வயது மூத்தவர். எந்த உயரத்துக்கும் தடையில்லாமல் ஏறும் குரல். இலங்கையில் 1926-ஆம் ஆண்டு வாக்கில் இருவரும் முதன்முதலாக ஒரே மேடையில் நின்றார்கள். கிட்டப்பாவுக்கு ஈடுகொடுக்க இந்தப் பெண்ணால் ஆகுமா என்று பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதன்பின் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த ஜோடியின் பெயர் போட்டாலே கொட்டகை நிறைந்தது.

மேடை ஜோடி வாழ்க்கை ஜோடியானது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதியும் வேறு. அவர் வீட்டார் இந்த உறவை மனதார ஏற்கவில்லை. பிறந்த ஒரு குழந்தையும் தங்கவில்லை. குடிப்பழக்கமும் சந்தேகமும் மனத்தாங்கலுமாக இருவரும் பிரிந்து வாழ்ந்த காலத்தில் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அவற்றில் தெய்வ வேடக்காரி இல்லை. உரிமையோடு கோபப்படும், கெஞ்சும், கணக்குக் கேட்கும் சாதாரணப் பெண் இருக்கிறார். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு. நகையில்லை. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு கொடுமுடியில் ஒதுங்கினார்.

பலர் இதைக் கற்புக்கரசியின் கதையாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த உறுதியால் அவர் தொழிலுக்கு வந்த ஆபத்தை யாரும் பேசுவதில்லை. நாடகமானாலும் சினிமாவானாலும் இளம் நடிகைக்கு இருந்தது காதலி வேடம், மனைவி வேடம். அந்த இரண்டையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன? மனைவியை இழந்த நடிகர் யாரிடமும் இப்படி ஒரு விரதத்தை ஊர் எதிர்பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அவரை மறுபடி வெளியே கொண்டுவந்ததில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குப் பெரும் பங்கு உண்டு. சுதந்திரப் போராட்ட மேடைகளில் சுந்தராம்பாள் பாடினார். கூட்டம் சேர்க்கப் பேச்சாளர் தேவையில்லை, அவர் வருகிறார் என்றாலே போதும் என்ற நிலை இருந்தது. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினார் என்றும், அடிகள் அந்தத் தட்டையும் கேட்டு வாங்கி ஏலம் விட்டு இயக்க நிதியில் சேர்த்தார் என்றும் சொல்வார்கள்.

சினிமாக்காரர்கள் அவரை விடவில்லை. நந்தனார் கதையைப் படமாக்க முனைந்த அசன்தாஸ் தேடி வந்தார். ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பது கதை. அவர்கள் சரி என்றுவிட்டார்கள். ஒரு பவுன் தங்கம் ஐம்பது ரூபாயைக்கூட எட்டாத காலம் அது. இந்தியாவில் ஒரு படத்துக்கு லட்சம் ரூபாய் பெற்ற முதல் கலைஞர் என்று திரை வரலாறு எழுதியவர்கள் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

1935-இல் வெளிவந்த அந்தப் படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து சிதம்பரம் காண ஏங்கிய நந்தன் அவரே. வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் பெரிதாக எடுபடவில்லை. கல்கி தமது விமர்சனத்தில் மனிதர்களைவிட மரமும் மாடும் ஆடும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டல் செய்தார். ஆனாலும் சுந்தராம்பாளுக்கு வழி கிடைத்துவிட்டது. 1940-இல் மணிமேகலை, துறவி. ஜோடி தேவைப்படாத பாத்திரங்களாகவே தேர்ந்தார். இடையில் ஆண்டுக்கணக்கில் படமே இல்லாமலும் இருந்தார்.

1953-இல் ஜெமினியின் ஔவையார் வந்தது. எஸ்.எஸ்.வாசன் ஆண்டுக்கணக்கில் உழைத்து எடுத்த படம். இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. நாற்பத்து நான்கு வயதில் தலை நரைத்த தமிழ்க் கிழவியாக வந்து, பாட்டுக்குப் பாட்டு படத்தைத் தூக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகு ஔவை என்றால் தமிழர் கண்முன் வந்து நிற்பது அவர் முகம்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடி படித்த பிள்ளைக்கும் அதே முகம்தான்.

அதற்குள் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆகியிருந்தார். நடிகர்கள் ஆட்சிக்கு வருவது பிற்காலத்துச் செய்தி. திரைத்துறையிலிருந்து தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்தவர் ஒரு பெண், அதுவும் ரயிலில் பாடிய பெண்.

1964-இல் பூம்புகார். கலைஞர் மு.கருணாநிதியின் வசனம், சுந்தராம்பாளுக்குக் கவுந்தியடிகள் வேடம். அவர் பழுத்த காங்கிரஸ்காரர், முருக பக்தை. வசனம் எழுதியவரோ பகுத்தறிவாளர். பாட்டில் ஒரு வரி தெய்வத்தைக் குறை கூறுவதாகப் பட்டதால் பாட மறுத்துவிட்டார் என்றும், பொருள் நேர்மாறாகும்படி வரியை மாற்றித் தந்த பிறகே பாடினார் என்றும் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. விட்டுக்கொடுத்தவருக்கும் இதில் பெருமை உண்டு.

மறு ஆண்டு ஏ.பி.நாகராஜனின் திருவிளையாடல். மறுபடி ஔவை. தைப்பூசத்தில் ஒலிக்கும் அந்தப் பாட்டு இதில்தான். கண்ணதாசன் எழுத்து, கே.வி.மகாதேவன் இசை. அப்போது அவருக்கு 56 வயது. மைக் இல்லாத மேடையில் பழகிய தொண்டை, ஒலிப்பதிவுக் கூடத்திலும் அடங்கவில்லை. கேட்டுப் பார்த்தால் தெரியும், ஒரு சொல்கூடத் தேயாது. கந்தன் கருணை, துணைவன், காரைக்கால் அம்மையார் என்று பக்திப் படங்கள் தொடர்ந்தன. 1969-இல் வந்த துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ.

சம்பாதித்ததைக் கொண்டு சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கு கட்டினார். 1969-இல் அதைத் திறந்துவைத்தவர் அப்போது முதல்வராகிவிட்ட அதே கருணாநிதி.

1980 செப்டம்பரில் சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று உடுத்திய வெள்ளையை அவர் கடைசிவரை மாற்றவில்லை.