முதுமையிலும் தளராத திருத்தொண்டு

சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவராகிய திருநாவுக்கரசு சுவாமிகள், 7-ஆம் நூற்றாண்டில் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் திருமகனாராக அவதரித்தார். மருள்நீக்கியார் என்பது பெற்றோர் இட்ட பெயர். சமணம் சார்ந்து தருமசேனர் என விளங்கிய நாளில் சூலை நோய் அவரை வாட்டியது. தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்துத் திருவதிகைப் பெருமான் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். பதிகம் பாடப் பிணி நீங்கிற்று. அன்று முதல் நாவினால் பாமாலையும் கையினால் உழவாரப் பணியுமே அவர்தம் வாழ்வாயின.

முதிர்ந்த வயதில் திருக்காளத்தியை வணங்கியபோது, கயிலைக் காட்சி காணும் வேட்கை மிகுந்தது. திருப்பருப்பதமும் காசியும் கடந்து வடதிசை நோக்கித் தனியே நடந்தார். அந்த யாத்திரையைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உள்ளம் உருக விவரிக்கின்றார். பாதங்கள் கணுக்கால் வரை தேய்ந்தன. கைகளை ஊன்றிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். மார்பு நைந்து எலும்புகள் முறிந்தன, உருண்டு சென்றார். இறுதியில் அதுவும் இயலாமல் வழியிலேயே கிடந்தார்.

சிவபெருமான் முனிவர் வடிவில் வந்து, மானிட உடலோடு கயிலையை அடைதல் அரிது, திரும்பிச் செல்க என்றார். அழியும் இவ்வுடலைக் கொண்டு நாதனைக் காணாமல் மீள்வதில்லை என நாயனார் மறுத்தார். அவ்வுறுதிக்கு இரங்கிய இறைவன் அசரீரியாய் அழைத்து எழுப்பினார். நைந்த உறுப்புகள் நலம் பெற்றன. ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர், காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது.

காட்சி கிடைத்ததென்று அவர் ஓய்ந்துவிடவில்லை. திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்தார். தம்மை அப்பரே என அன்போடு அழைத்த இளம் ஞானசம்பந்தரின் சிவிகையை, அடியார் கூட்டத்தில் ஒருவராய்த் தம் முதிய தோளில் தாங்கினார். திருப்புகலூரில் புல் செதுக்கும்போது பொன்னும் மணியும் தோன்ற, அவற்றையும் கல்லோடு கல்லாக உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். 81-ஆம் வயதில், சித்திரைச் சதயத்தன்று, அத்தலத்திலேயே இறைவன் திருவடி நிழலை அடைந்தார்.

மெய்யன்பர்களே, கால் தளர்ந்து பிரகாரம் சுற்ற இயலாத பெரியோர் பலர், தம் தொண்டுக்காலம் முடிந்ததென்று மனம் வருந்துகின்றனர். அமர்ந்தபடியே பூத்தொடுப்பதும் திருமுறை ஓதுவதும் தொண்டே. நடக்க இயலாதவர்க்குக் கயிலையையே அருகில் கொணர்ந்த பெருமான் அவர்களைக் கைவிடுவானா? அவர்களைக் கைப்பிடித்துச் சந்நிதிக்கு அழைத்து வருவது இளையோராகிய நம் கடமையன்றோ!