மனமும் நிய்யத்தும்: வ.உ.சி. வாழ்வு தரும் பாடம்

நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் மனவியல், சமூகவியல் என்று பயின்று வரும்போது, இவை மேல்நாட்டுச் சரக்கு, நமக்கென்ன சம்பந்தம் என்று எண்ணும் பெற்றோர் உண்டு. எண்ணம் செயலாகிறது, செயல் பழக்கமாகிறது, பழக்கம் குணமாகிறது. இதுவே மனவியலின் அரிச்சுவடி. நிய்யத்துடன் தொழுது, நிய்யத்துடன் நோன்பு நோற்கும் நமக்கு இது புதிதன்று. இதனை வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவர் நம் முத்துக்குளித்துறைச் சீமையிலேயே இருந்தார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1872 செப்டம்பர் 5-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். சைவ நெறியில் பற்றுள்ளவர், வழக்கறிஞர். தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போக்குவரத்து வெள்ளையர் கம்பெனியின் கையில் இருந்தபோது, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். நம் சமுதாயப் பெருமகனார் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். ஒரே நோக்கம் பல மதத்தாரையும் பிணைத்தது. மனிதரைக் கூட்டமாக நிலைநிறுத்தும் இத்தகைய ஒட்டுறவைத்தான் இப்னு கல்தூன் (ரஹ்) 14-ஆம் நூற்றாண்டிலேயே தமது முகத்திமாவில் ஆராய்ந்தார்கள்.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இலவசமாகவே ஆட்களை ஏற்றிச் செல்லவும் துணிந்தது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளருக்காக நின்ற வ.உ.சி., அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அந்தச் சிறைவாசத்திலேதான் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். அவரவர் எண்ணமே அவரவர் வாழ்வை ஆக்குகிறது என்பது அதன் சாரம்.

1912 இறுதியில் விடுதலையானபோது கம்பெனி இல்லை; வழக்கறிஞர் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமை வாட்டியது. எண்ணமே வாழ்வென்றால், இவர் எண்ணத்தில் குறையா? இல்லவே இல்லை. அதிகாரமும் சூழ்நிலையும் பெருமுதலும் அவரை எதிர்த்து நின்றன. மனவியலோடு சமூகவியலையும் சேர்த்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

பரீட்சையில் தவறிய பிள்ளையையும், வியாபாரத்தில் நொடித்த சகோதரரையும், மனம் சரியில்லை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். அவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்று விசாரிப்பதில்லை. பலன் அல்லாஹ்விடம் உள்ளது; நிய்யத்தும் முயற்சியுமே அடியான் மீது கடமை.

வ.உ.சி. வறுமையிலும் சோர்ந்துவிடவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். பின்னர் சன்னதும் திரும்பக் கிடைத்தது. 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் காலமானார். கப்பல் போயிற்று, குணம் போகவில்லை.

நம் பிள்ளைகளின் கல்பைச் சீராக்கி, அவர்களை நீதியுடன் எடைபோடும் பக்குவத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.