மீதியின்றி வகுபடும் எண்கள்

பன்னிரண்டின் காரணிகள் யாவை என்று கேட்டால், 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறாம் வகுப்பு மாணவர் எழுதிவிடுவார். பதினொன்றுக்கு இரண்டே காரணிகள், பத்துக்கு நான்கு. பன்னிரண்டுக்கு முந்தைய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இந்த எளிய செய்தியைப் பற்றிக்கொண்டு ஒருவர் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு இராமானுஜனின் வாழ்க்கை சான்று. 1729 என்ற வாடகை வண்டி எண்ணை நாம் அறிந்த அளவுக்கு, காரணிகள் குறித்து அவர் மேற்கொண்ட உழைப்பை அறிந்திருக்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, ஆங்கிலத்தில் தேறாததால் கைநழுவிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். வழிமுறை அழிந்து விடை மட்டும் எஞ்சியதால், எல்லாம் கனவில் வந்த அருள்வாக்கு என்ற பேச்சு நிலைபெற்றுவிட்டது. நாமகிரித் தாயாரிடம் அவருக்கிருந்த பக்தியை நான் ஐயுறவில்லை. ஆனால், அந்தப் பேச்சு சிலேட்டை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தரானார். மாத ஊதியம் 30 ரூபாய். அந்நாளைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை: 192க்குப் பதினான்கு காரணிகள், 1957இல் வந்த 100 காசுக்கு ஒன்பதே. அன்று மூவர் ஒரு ரூபாயைப் பகிர்ந்தால் ஆளுக்கு 64 தம்படி. இன்று 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். இங்கிலாந்தின் பவுனோ அன்று 240 பென்னி. 240க்கு இருபது காரணிகள். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

இவ்வாறு தனக்கு முந்தைய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்களையே இராமானுஜன் ஆராய்ந்தார். மிகுபகு எண்கள் என்று அவற்றைச் சொல்லலாம். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழக இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்ட கட்டுரை வெளியாயிற்று. அதன் அடித்தளம் நம் பள்ளிப் பாடம்தான். 360ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 மும்முறையும், 3 இருமுறையும், 5 ஒருமுறையும் வரும். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 4×3×2, அதாவது 24 காரணிகள். மிகுபகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியின்றி வரிசையாக இடம்பெறும். சிறிய பகா எண் அதனினும் பெரியதைவிடக் குறைந்த முறை வராது. கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். இக்கடைசி விதிக்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு.

கணிப்பொறி இல்லாத காலத்தில் 67,46,32,83,88,800 என்று கோடிகளைக் கடந்து நிற்கும் எண்வரை அவர் பட்டியலிட்டார். இன்றைய நிதிநிலை அறிக்கையின் மொழியில், ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 10,080 காரணிகள். அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டது. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அது. அருள்வாக்கில் எண் விடுபடாது, கைக்கணக்கில்தான் விடுபடும். எனக்கு அந்த விடுபாடு, பட்டியலைவிடவும் அருமையாகத் தோன்றுகிறது.

அது முதல் உலகப் போர்க்காலம். கணிதக் கழகத்துக்குப் பண முடை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது வெளிவர 1997 ஆயிற்று. வெளிவந்த பகுதியைக் கொண்டே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவருக்கு அந்தப் பட்டத்தைப் பெற்றுத்தந்தவை காரணிகள்!

மிகுதியை ஆராய்ந்தவர், அடுத்து ஹார்டியுடன் சேர்ந்து இயல்பானதை ஆராய்ந்தார். ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும்? 1917இல் அவர்கள் கண்ட விடை வியப்பூட்டுவது: மிகச் சில. ஒரு கோடியை ஒட்டிய எண்களுக்குக்கூட வெவ்வேறு பகாக் காரணிகள் ஏறக்குறைய மூன்றுதான். எண்ணியலுக்குள் நிகழ்தகவு நுழைந்த வாயில்களில் அதுவும் ஒன்று.

அந்த ஆண்டிலேயே நோய் பற்றிக்கொண்டது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் எழுதிய பதிலில் அத்தொகையைப் பங்கிட்டிருந்தார்: பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன், தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவது முழுவதும் ஏழை, அநாதைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும். அதே ஆண்டு தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.