பௌத்த மன்னன் நிழலில் புனித யோசேப்பு வாஸ் அடிகளார்

இலங்கைத் திருநாட்டின் முதலாவது புனிதர் என்று திருச்சபை போற்றும் யோசேப்பு வாஸ் அடிகளார் இந்த மண்ணிற் பிறந்தவரல்லர். கோவாவிலே கொங்கணி பேசும் குடும்பமொன்றிற் பிறந்தவர். தம் வாழ்நாளின் இறுதி 24 ஆண்டுகளை இத்தீவிற் கழித்து இங்கேயே உயிர் நீத்தார். இங்கே அவரைத் துரத்தியவர்கள் யார், அவருக்கு நிழல் கொடுத்தவர் யார் என்று கேட்டால் கிடைக்கும் விடை சிறிது வியப்பானது. துரத்தியவர்கள் அவர் வணங்கிய அதே கிறிஸ்துநாதரை வணங்கியவர்கள். நிழல் கொடுத்தவரோ பௌத்த சமயத்திலே ஆழ்ந்த பற்றுடைய ஓர் அரசர். இதனை மனதிற்கொண்டே அடிகளாரின் சரிதையை இங்கே கூற முற்படுகிறோம்.

அடிகளார் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் கிறிஸ்டோவா வாஸ், தாயார் மரியா த மிராண்டா. போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்று 1676 இலே குருப்பட்டம் பெற்றார். குருவானதும் காலணிகளைக் களைந்துவிட்டு ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார் என்பர். அக்காலக் கோவாவிலே ஐரோப்பியக் குருமாருக்கு இருந்த மதிப்பு நாட்டுக் குருமாருக்கு இருக்கவில்லை. துறவற சபைகளின் கதவுகளும் அவர்களுக்கு எளிதில் திறப்பதில்லை. ஆகவே, நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த சிறு குழுவொன்றிலே அடிகளார் 1685 இல் இணைந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய ஒராத்தோரியன் சபையாக உருவாக்கினார். அதற்கு முன்னர் கன்னட நாட்டிலே சில ஆண்டுகள் பணிபுரிந்தபோது, கத்தோலிக்கர் தமக்குள்ளேயே அதிகாரப் போட்டியினாற் பிளவுபட்டு நிற்பதையும் கண்ணாரக் கண்டிருந்தார்.

அந்நாளிலே இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை என்ன? இதைச் சொல்லுமுன் நாம் மறைக்கக் கூடாத ஒன்றுண்டு. ஒல்லாந்தர் வருவதற்கு முன்னர் கரையோரங்களை ஆண்ட போர்த்துக்கேயர் கத்தோலிக்கர். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619 இலே கைப்பற்றிய அவர்கள், 1621 இலே நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தார்கள். திருக்கோணமலையிலே கடலை நோக்கி நின்ற கோணேசர் கோவிலும் அதே பத்தாண்டில் அழிந்தது. 1626 இலே தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அம்மக்களை ஏற்றுத் தன் நாட்டின் கிழக்குக் கரையிற் குடியமர்த்தினான். கோவில் இடிபட்டதைக் கண்ட சைவப் பெருமக்களின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, பின்னாளிலே தம் தேவாலயங்கள் பறிபோனபோது கத்தோலிக்கர் உணர்ந்திருப்பர்.

அது அதிக காலஞ் செல்லாமலே நேர்ந்தது. 1656 இலே கொழும்பும் 1658 இலே மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. கல்வின் கொள்கையைப் பின்பற்றிய அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினார்கள். குருவானவர் ஒருவருக்குத் தம் வீட்டில் இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658 இலே கட்டளை பிறந்தது. தேவாலயங்கள் ஒல்லாந்தச் சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. உத்தியோகம் வேண்டுமாயினும் விவாகத்தைப் பதிய வேண்டுமாயினும் ஒல்லாந்தரின் சபையிலே ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே வெளியே ஒரு பெயர், வீட்டினுள்ளே ஒரு வழிபாடு என்று மக்கள் வாழலாயினர். சைவர்களுக்கும் அதே நிலைதான். விரத நாளிலே உணவருந்திய வாழையிலையை வெளியில் எறிந்தாற் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சிக் கூரையிறப்பிலே செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்துப் பெரியோர் கூறுவர். ஒரு வீட்டிலே இலை ஒளிந்திருக்க, அடுத்த வீட்டிலே செபமாலை ஒளிந்திருந்தது. ஒரே ஒழுங்கையிலே வாழ்ந்த அந்த இரு வீட்டாரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடாமல் இருந்திருந்தால், அதுவே அக்காலத்தின் மிகப் பெரிய தருமம் என்போம்.

ஏறக்குறைய 30 ஆண்டுகள் குருவானவரில்லாத அந்த மக்களைப் பற்றிக் கேள்வியுற்ற அடிகளார் 1686 இலே கோவாவைவிட்டுப் புறப்பட்டார். வெள்ளைத் தோலுடைய குருவானவரால் ஒளிந்திருக்க முடியாது. கறுத்த மேனியுடைய இந்தியக் குருவானவரால் முடியும். எந்த நிறத்துக்காகக் கோவாவில் அவரினத்தார் பின்னே தள்ளப்பட்டார்களோ, அதே நிறம் இங்கே அவருக்குக் கவசமாயிற்று! தூத்துக்குடி வழியாகப் பிச்சைக்காரன் வேடத்திலே 1687 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யோவான் என்னும் உதவியாள் ஒருவர் மாத்திரம் உடன் வந்தார். பயணத்தின் கொடுமையால் வயிற்றோட்டம் கண்டு, சாகுந் தறுவாயிற் கிடந்த அவருக்குப் பெண்ணொருத்தி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்பர். அப்பெண்ணின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை.

தேறியெழுந்ததும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். செபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறதோ அந்த வீடே கத்தோலிக்க வீடு என்று அறிந்துகொண்டார். பின்னர் சில்லாலையிலே மறைந்திருந்து, இரவு வேளைகளிலே திருப்பலி நிறைவேற்றி, விடியுமுன் வேறிடஞ் சென்றுவிடுவார். தமிழிலே போதித்தார். ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டியது. 1689 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவிலே வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர்மீது படையினர் பாய்ந்து பலரைச் சிறைபிடித்தனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டோர் அவருக்காகத் துன்பமுற்றனர். புத்தளத்துப் பக்கம் ஒதுங்கி ஓராண்டளவில் பணிபுரிந்தபின், தீவின் நடுவே ஒல்லாந்தரின் கை எட்டாதிருந்த கண்டி இராச்சியத்தை நோக்கி நடந்தார்.

1692 இலே கண்டியை அடைந்த அவரை, அரண்மனையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசனிடம் குற்றஞ்சாட்டினார். அடிகளார் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலே சும்மா இருந்தாரா? சிங்கள மொழியைக் கற்கலானார். காவல் தளர்ந்ததும் சிறை முற்றத்திலே ஓலைக் குடிலொன்று அமைத்துப் பீடம் எழுப்பினார். நாளடைவிலே, இவர் ஒற்றனல்லர், செபிப்பதையன்றி வேறொன்றும் அறியாத துறவி என்பது அரசனுக்கு விளங்கிற்று.

அந்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 முதல் 1707 வரை ஆட்சி புரிந்தவன். அவன் தன் சமயத்திலே அசட்டையாயிருந்தபடியால் பிற சமயத்தவரைப் பொறுத்துக்கொண்டான் என்று எண்ணுவோமாயின் பெரிதும் தவறுவோம். புத்தபிரானின் தந்ததாதுவுக்கு மூன்று மாடிகள் கொண்ட மாளிகை எழுப்பியவன் அவனே. நலிந்துபோயிருந்த பிக்குமாரின் உபசம்பதா என்னும் குருத்துவ முறையைப் புதுப்பிக்க அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்தவனும் அவனே. அதே ஆண்டுகளிலேதான் கத்தோலிக்கக் குருவானவரொருவர் அவன் தலைநகரிலே தேவாலயமொன்று வைத்திருந்தார். இதில் அரசியற் கணக்கும் இருந்திருக்கலாம். கரையோரத்து ஒல்லாந்தர் வெறுத்த மனிதரைக் காப்பது கண்டிக்குத் தீங்காகாது. ஆயினும், கணக்கு மாத்திரமே காரணமென்றால் அவ்வாதரவு நெடுங்காலம் நீடித்திராது என்பதே எங்கள் கருத்து.

1696 இலே கண்டியிற் கடும் வரட்சி வந்தது. பிக்குமாரைப் பிரார்த்திக்கும்படி கேட்ட அரசன், பின்னர் அடிகளாரையும் தம் இறைவனிடம் மன்றாடும்படி கேட்டான் என்றும், நகர்ச் சதுக்கத்திலே சிலுவை வைத்து அவர் முழந்தாளிட்டபோது மழை பொழிந்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு கூறும். மழை எவருடைய மன்றாட்டுக்குப் பெய்தது என்று வழக்காடுவதிலும், தாகத்தால் வாடிய குடிகளுக்காக ஓர் அரசன் இரு சமயத்தாரையும் மன்றாடும்படி வேண்டினான் என்பதை நினைப்பது நமக்கு இனிக்கிறது.

அடுத்த ஆண்டிலே அதனினும் கொடிய சோதனை வந்தது. வைசூரி நோய் நகரெங்கும் பரவிற்று. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயாளரைக் காட்டிலே கொண்டுபோய் விட்டுவிட்டு உறவினர் ஓடினர். அடிகளாரும் அவருடைய உறவினரான இளங்குரு ஒருவரும் போகவில்லை. கைவிடப்பட்ட வீடுகளிலே நோயாளரைச் சேர்த்து, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைத் தாமே சுமந்து சென்று புதைத்தனர். யாழ்ப்பாணத்திலே தாம் வாங்கிக் குடித்த கஞ்சியை அவர் மறந்திருப்பாரா? நோயாளருள் மிகப் பலர் பௌத்தர்கள். நீ எந்த வேதம் என்று கேட்டபின் மருந்து கொடுக்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. திரும்பிவந்த அரசன் இதனைக் கேட்டறிந்து நன்றியுடையவனானான். அதன்பின் கண்டி இராச்சியமெங்கும் குருமார் தடையின்றி நடமாடலாயினர். கோவாவிலிருந்து புதிய குருமார் வரத் தொடங்கினர்.

அவர்களுள் 1705 இலே வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் கற்று இருமொழிகளிலும் பல நூல்களை இயற்றினார். அவற்றுட் சில பிற சமயங்களை மறுத்து எழுதப்பட்டவை. பிக்குமாருக்கு அவை உவப்பாயிருந்திருக்க முடியாது. எனினும் 1707 இலே அரியணை ஏறிய நரேந்திரசிங்கன் அவருக்கும் ஆதரவளித்தான். வாதம் ஏட்டோடு நின்றது, வாளுக்குப் போகவில்லை.

யோசேப்பு வாஸ் அடிகளார் 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி கண்டியிலே தமது 59 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பௌத்தர்களும் அவர் பிரிவிற்குத் துக்கங் கொண்டாடினர்.

இந்த நல்லுறவு என்றும் நிலைத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நரேந்திரசிங்கன் 1739 இலே மறைந்தபின் காற்று மாறி வீசிற்று. 1740 களிலே கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கரையோரத்திலே ஒல்லாந்தரின் சட்டங்கள் காலப்போக்கிலே தளர்ந்தாலும், கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் சட்டப்படி நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1806 இலேதான். ஓரரசன் கொடுத்த நிழலை அடுத்து வந்தவன் எடுத்துவிடவும் கூடும் என்பதை அந்நாளைய மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1995 ஜனவரியிலே திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக் காலிமுகத் திடலிலே அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே திடலிலே 2015 ஜனவரி 14 ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருப்பதிக்குச் சென்றார். அங்கே வீற்றிருக்கும் மாதாவின் சுரூபமும் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டிற்குக் கொண்டுவரப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. இன்று அம்மாதாவின் முன் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரல்லாதோருங்கூட, மெழுகுதிரி ஏற்றுகின்றனர்.

அடிகளாரைக் கண்டியிலே அவர் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கஞ் செய்தார்கள். அத்தேவாலயம் பின்னாளில் அழிந்துபோயிற்று. அவருடைய கல்லறை இருந்த இடம் பலமுறை தேடியும் கிடைக்கவில்லை. கண்டி நகர மண்ணிலே, எவருடைய வீட்டின் கீழோ எந்தத் தெருவின் கீழோ, அவர் துயில்கிறார்.