மெமரி பிழையைத் திருத்த வழி சொன்ன ரிச்சர்ட் ஹாமிங்: யார் இவர்?

பட்டர்வொர்த்தில் இருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலைப் பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்தது முதல், சிப்புகளைச் சோதித்து அனுப்புவது இங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஆனால் வேலையில் இருக்கும்போது மெமரியில் ஒரு பிட் மாறிப்போனால் கணினிக்கு எப்படித் தெரியும்?

அதற்கு வழி சொன்னவர் ஹாமிங். 1915-இல் சிகாகோவில் பிறந்த கணிதவியலாளர். 1946-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

வீணான இரண்டு வாரங்கள்

அங்கிருந்த ரிலே கணினிக்குப் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியும், திருத்தத் தெரியாது. வேலை நாளில் ஆட்கள் வந்து சரிசெய்வார்கள். வாரக்கடைசியில் யாரும் இருக்கமாட்டார்கள். பிழை வந்தால் அந்தக் கணக்கை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போய்விடும். ஹாமிங்குக்குக் கிடைத்ததோ வாரக்கடைசி மட்டும்தான். அடுத்தடுத்து இரண்டு வாரம் வேலை வீணானது. பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று ஏன் தெரியக்கூடாது என யோசித்தார்.

1950-இல் விடையை வெளியிட்டார். 4 பிட் தரவுடன் 3 சோதனை பிட்டுகள். எந்தெந்தச் சோதனை தவறுகிறது என்று பார்த்தாலே, 7 இடங்களில் எது கெட்டது எனத் தெரிந்துவிடும். பிட் என்பது 0 அல்லது 1தானே? மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

இன்று சர்வர்களில் உள்ள இசிசி மெமரிக்கு இதுதான் அடிப்படை. 64 பிட்டுக்கு 8 சோதனை பிட் இருக்கும். ஒன்று கெட்டால் திருத்தும். இரண்டு கெட்டால் எச்சரிக்கும்.

பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மெமரியின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்தால் பக்கத்து வரிசையில் பிட்டுகள் மாறலாம் என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெயர் ரோஹேமர்; ஹாமிங் பெயரோடு தொடர்பில்லை. இதை வைத்தே கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடிக்கலாம் என 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். 2018-இல், மூன்று பிட்டுகளை ஒரே நேரத்தில் மாற்றி இசிசியையும் ஏமாற்றலாம் என்று தெரியவந்தது.

உங்கள் கணினியை மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளால் சோதிக்கலாம்; அதில் ரோஹேமர் சோதனையும் உண்டு. பிழை காட்டினால் அந்த மெமரியை நம்பவேண்டாம். காட்டாவிட்டாலும் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை.

1968-இல் டூரிங் விருது பெற்ற ஹாமிங், 1998 ஜனவரி 7-இல் 82 வயதில் காலமானார். தற்செயலாக வரும் பிழையை மனதில் வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். வேண்டுமென்றே பிழையை உண்டாக்கும் ஆளுக்கு எதிரான கணக்கை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.