மத்திய சட்டப்பேரவையில் தனித்து ஒலித்த குரல்: எம்.சி. ராஜா

துவாரகா: தலைநகரின் தென்மேற்கு எல்லையில், பப்பன்கலான் என்று முன்பு அழைக்கப்பட்ட பகுதியில் உருவான துணை நகரம் துவாரகா. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இங்கு ஏராளம். மத்திய அரசுப் பணிக்காகத் தில்லி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கு வசிக்கின்றன. இட ஒதுக்கீட்டின் வழியே வேலை பெற்று, தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தலைநகருக்கு ரயில் ஏறியவர்களும் அவர்களில் உண்டு.

மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு முதன்முறையாகக் குறிப்பிட்ட விழுக்காட்டை ஒதுக்கிய ஆணை 1943 ஆகஸ்டில் பிறந்தது. அதே மாதத்தில் காலமானவர், தில்லி சட்டப்பேரவையில் அம்மக்களின் முதல் பிரதிநிதியாகப் பத்தாண்டுகள் அமர்ந்திருந்த எம்.சி. ராஜா. மயிலை சின்னத்தம்பி ராஜா என்ற அப்பெயர் இன்று தலைநகரில் அதிகம் நினைக்கப்படுவதில்லை.

சென்னை பரங்கிமலையில் 1883-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி பிறந்த ராஜா, ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியராகப் பணியாற்றினார், பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலர் பொறுப்பை ஏற்றதிலிருந்து அவரது பொது வாழ்வு வேகம் பெற்றது. மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களின்படி அமைந்த சென்னை சட்ட மேலவையில் நியமன உறுப்பினரானார். பஞ்சமர், பறையர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று வழங்க வேண்டும் என அவர் அங்கு வலியுறுத்தியதன் விளைவாக 1922 மார்ச்சில் அரசாணை வெளியானது. பெயர் மாற்றத்தால் வயிறு நிறையாது என்று அன்று ஏளனம் செய்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு முதல் நிலப் பட்டா வரை இழிவுச் சொல்லால் குறிக்கப்பட்ட மக்களுக்கு அது சிறிய விஷயம் அல்ல.

நீதிக் கட்சியுடன் தொடங்கிய அவரது உறவு நீடிக்கவில்லை. 1921-இல் சென்னை பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புப் பகுதியில் கலவரம் மூண்டது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மீதும், அவர்களுக்கு உதவிய அரசின் தொழிலாளர் துறை மீதும் கட்சித் தலைவர்கள் சிலர் பழி சுமத்தினர். பிராமணரல்லாதார் என்ற பெரிய குடையின் கீழும் தம் மக்களுக்கு நிழல் கிடைக்கவில்லை என்று கண்ட ராஜா, 1923-இல் கட்சியிலிருந்து விலகினார்.

புதிய கட்டடத்தில் ஒற்றை உறுப்பினர்

தில்லியில் இன்று சம்விதான் சதன் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடம் 1927 ஜனவரி 18-ஆம் தேதி வைஸ்ராய் இர்வின் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் ராஜாவும் மத்திய சட்டப்பேரவைக்கு நியமிக்கப்பட்டார். பின்னாளில் மக்களவை கூடிய அதே மண்டபத்தில், ஏறத்தாழ 145 உறுப்பினர்களுக்கு நடுவே, நாடெங்குமுள்ள தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அனைவருக்குமாக அவர் அமர்ந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல, அரசு. ஆதரவாகக் கைதூக்கக் கட்சி எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை.

அவையின் பெரும்பாலான இந்திய உறுப்பினர்கள் சைமன் குழுவைப் புறக்கணித்தபோது, அக்குழுவுடன் இணைந்து செயல்பட அமைக்கப்பட்ட, சர் சி. சங்கரன் நாயர் தலைமையிலான இந்திய மத்தியக் குழுவில் ராஜா உறுப்பினரானார். தேசிய இயக்கத்தவர் இதை ஏற்கவில்லை. தம் மக்களின் குறைகளைப் பதிவு செய்யக் கிடைக்கும் எந்த வாயிலையும் மூடிக்கொள்ள முடியாது என்பது ராஜாவின் நிலை. ஆயினும், 1930-இல் லண்டனில் கூடிய வட்டமேஜை மாநாட்டுக்கு அவர் அழைக்கப்படவில்லை. அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர்.

இருமுறை மாறிய நிலைப்பாடு

ராஜாவின் வாழ்வில் அதிகம் விமர்சிக்கப்பட்ட ஆண்டு 1932. தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியைத் தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது தனி வாக்காளர் தொகுதி முறை. வேட்பாளர் அவ்வகுப்பைச் சேர்ந்தவராக இருக்க, தொகுதியிலுள்ள எல்லோரும் வாக்களிப்பது கூட்டுத் தொகுதி முறை. 1931 இறுதி வரை முதல் முறையை ஆதரித்து வந்த ராஜா, 1932-இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ். மூஞ்சேவுடன் உடன்பாடு செய்துகொண்டு இரண்டாவது முறைக்கு மாறினார். மக்கள்தொகை அடிப்படையில் இடங்கள் ஒதுக்கப்படும் என்பது அந்த உடன்பாட்டின் சாரம். அம்பேத்கர் இதைக் கடுமையாக எதிர்த்தார்.

சொந்த லாபத்துக்காக அவர் மாறினார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. எனினும், அவர் அமர்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு கணக்கு தெரியும். பெரிய அவையில் ஒற்றை ஆளாக அமர்ந்து ஐந்தாண்டுகள் பேசியவருக்கு, மற்ற உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது என்பது அனுபவப் பாடம். மற்ற வகுப்பினரின் வாக்கையும் நம்பி நிற்க வேண்டிய நிலை வந்தால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள் என்று அவர் கருதினார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, மாகாண சபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 71 தனித் தொகுதிகளை வழங்கியது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24-இல் புணே ஒப்பந்தம் உருவானது. இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு 18-க்குப் பதிலாக 30 கிடைத்தன. தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. வேட்பாளர்கள் நால்வரை மட்டும் தாழ்த்தப்பட்டோரே முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்க, இறுதித் தேர்தலில் அனைவரும் வாக்களிப்பர். அதில் கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா ஆகியோருடன் ராஜாஜியும் ஒருவர்.

ஒப்பந்தத்தின் பலனைச் சோதிக்கும் முதல் வாய்ப்பு தில்லி அவையிலேயே வந்தது. சி.எஸ். ரங்க ஐயர் 1933-இல் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ராஜா ஆதரித்தார். பேரவைத் தேர்தல் நெருங்கியதும் காங்கிரசின் ஆதரவு விலகியது. 1934 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

சென்னையில் கிடைத்த பாடம்

1937-இல் சென்னை மாகாணத்தில் கே.வி. ரெட்டி நாயுடு தலைமையில் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா சில மாதங்கள் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தது. எதிர்வரிசையிலிருந்து ராஜா கொண்டுவந்த சமூகத் தடைகள் நீக்க மசோதா 1938-இல் சட்டமானது. பொதுக் கிணறு, சாலை, வாகனம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது என்றது அச்சட்டம். 1955-இல் நாடாளுமன்றம் இயற்றிய தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

அதே ஆண்டு அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவின் கதி வேறு. மலபாருக்கு மட்டும் தனியாகச் சட்டம் கொண்டுவர விரும்பிய ராஜாஜி, ராஜாவின் மசோதாவை ஏற்க மறுத்தார். அது ஆளுங்கட்சியின் பெரும்பான்மையால் அவையில் தோற்கடிக்கப்பட்டது. மாகாணத்தின் 30 தனித் தொகுதிகளில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் வேட்பாளர்களே வென்றிருந்தனர். கட்சிக் கட்டுப்பாட்டை மீறும் நிலையில் அவர்கள் இல்லை. ராஜா காந்தியடிகளுக்குக் கடிதங்கள் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்புமாறு பதில் வந்தது. 1939-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த நுழைவுக்குப் பின், ராஜாஜி அரசே அதற்குப் பாதுகாப்பளித்துச் சட்டம் இயற்ற நேர்ந்தது. மாகாணக் கோயில்கள் அனைத்தையும் முழுமையாகத் திறந்துவிட்ட சட்டம் 1947-இல்தான் வந்தது.

கூட்டுத் தொகுதியில் வென்றவர், தம்மை வெல்லவைத்த கட்சிக்கே கட்டுப்பட்டவராகிறார் என்று அம்பேத்கர் 1932-இல் அஞ்சியது, ராஜாவின் கண்முன்னேயே நடந்தது. புணே ஒப்பந்தத்தின் மீதான அவரது நம்பிக்கை தளர்ந்தது. 1942 மார்ச் இறுதியில் கிரிப்ஸ் தூதுக்குழு தில்லி வந்தபோது, ஒரு காலத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகச் சென்று கிரிப்ஸைச் சந்தித்தனர். அவரது திட்டத்தில் தங்கள் மக்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று இருவரும் எடுத்துரைத்தனர். பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகான அந்த இணக்கம், ராஜாவின் தடுமாற்றத்தைக் காட்டுவதாகச் சிலர் எழுதியுள்ளனர். தவறென்று தெரிந்த பாதையிலிருந்து திரும்பிவரும் துணிவாகவும் அதைக் கொள்ளலாம்.

மறு ஆண்டு ஆகஸ்டில் ராஜா மறைந்தார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அப்போது தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் வலியுறுத்தலால் அம்மாதம் வெளியான ஆணை, மத்திய அரசின் நேரடி நியமனங்களில் 8.33 விழுக்காட்டைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. அது 1946-இல் 12.5 ஆகவும், 1970-இல் 15 ஆகவும் உயர்ந்தது.

பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அவருக்குப் பின்னும் அதே கட்டடத்தில் எழுந்தது. தனித் தொகுதியில் வெல்பவர், அங்கு பதிவாகும் தாழ்த்தப்பட்டோர் வாக்குகளில் 35 விழுக்காட்டையாவது பெற்றிருக்க வேண்டும் என்று சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. மக்களவையின் 543 தொகுதிகளில் 84 தாழ்த்தப்பட்டோருக்கும், 47 பழங்குடியினருக்கும் கூட்டுத் தொகுதி முறையிலேயே ஒதுக்கப்பட்டுள்ளன. 104-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி அந்த ஒதுக்கீட்டின் காலம் 2030 ஜனவரி 25 வரை.